இரண்டாம் எண்ணுக்கு மொட்டை

முன்னொரு காலத்தில் மணல்மேட்டு நாட்டை அடலேறு மாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அந்தக் காலத்தில் ஏது கம்ப்யூட்டர் என்று கேட்காதீர்கள். வரி வாங்கும் ராஜாவிடம் எல்லாம் இருக்கும். அவன் கம்ப்யூட்டரில் மாட்டிய கருவிகளை மேய்க்கும் இயங்குதளத்தை எழுதியவர் அவைப் பண்டிதர் வித்தகராயர்.

கூலி உயர்வு கேட்டுப் பலதரம் சிறை போனவள் நாகம்மை. அவள் வாயை அடைக்கத்தான் ராஜா அவளை அமைச்சராக்கினான். வாய் அடையவில்லை.

ஒருநாள் கம்ப்யூட்டரைக் கவனிக்கும் பேச்சி, ராயர் சொன்னபடி, ‘இரண்டாம் வட்டைத் துடை’ என்று தட்டினாள். துடைபட வேண்டியது, தகவல் சேமிக்கப் புதிதாக மாட்டிய வெற்று வட்டு. துடைபட்டதோ, ராஜா தன்னைத்தானே புகழ்ந்து எழுதிய ஆயிரம் பாட்டு.

“இவளை நாடு கடத்துங்கள், பிரபு” என்றார் ராயர்.

“ராயரே, வட்டுக்கு இரண்டு என்று பெயர் வைத்தது யார்?” என்றாள் நாகம்மை.

“அடியேன்தான். கம்ப்யூட்டரை எழுப்பும்போது முதலில் விழிக்கும் வட்டு ஒன்று. அடுத்தது இரண்டு.”

“துடைத்த அன்றைக்குப் பழைய வட்டு சோம்பல் முறிப்பதற்குள் புதுசு முந்திக்கொண்டது. பாட்டு இருந்த ஒன்றாம் வட்டு, இரண்டாம் வட்டாகிப் போனது. முந்தி வந்த செவியைப் பிந்தி வந்த கொம்பு மறைத்த கதை. வட்டின் முதுகில் பிறக்கும்போதே பொறித்த எண் இருக்கிறதே, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் என்ன?”

“அது அனுமார் வால் அம்மா. சொல்லி முடிப்பதற்குள் பொழுது சாயும். முதலில் வந்தவன் முதல்வன். உலக நியதி.”

ராஜா தலையாட்டினான். முதலில் வந்தோம் என்று சொல்லியே மேலே உட்கார்ந்தவர்களை நாகம்மை வாழ்நாளெல்லாம் பார்த்தவள்.

“அப்படியானால் தீர்ப்பும் அந்த நியதிப்படியே இருக்கட்டும், மன்னா. நாளை ராயர், பேச்சி இருவரில் முதலில் அவைக்குள் நுழைபவர் ஒன்று, மற்றவர் இரண்டு. தண்டனையை எண்ணுக்குச் சொல்லுங்கள்.”

ராஜாவுக்கு விளையாட்டென்றால் உயிர். ராயர் முந்திக்கொண்டார்: “ஒன்றுக்குப் பொன்னாடை. இரண்டுக்கு மொட்டை, கழுதை ஊர்வலம், நாடு கடத்தல்.”

“அப்படியே” என்றான் ராஜா.

மறுநாள் விடியும்போதே ராயர் வாசலில் நின்றார். ஆனால் தம் பட்டங்கள் முழுவதையும் கட்டியக்காரன் கூவி முடிக்காமல் அவர் எந்த அவையிலும் கால் வைத்ததில்லை. அது நாகம்மைக்குத் தெரியும்.

“தர்க்க சிங்கம், இலக்கணக் கொண்டல், எண்கணித ஏந்தல், சாத்திர சமுத்திரம்...” கட்டியக்காரன் கூவிக்கொண்டே இருந்தான். ராயர் கண்ணை மூடிக் கேட்டார். பேச்சி அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

ராயர் நுழைந்ததும் நாவிதர் கத்தியைத் தீட்டினார். “இரண்டு நீங்கள்தானே சாமி? உட்காருங்கள்.”

“அடேய், நான் வித்தகராயன். முன்னே வந்தால் என்ன, பின்னே வந்தால் என்ன, நான் நான்தானே?”

“வட்டும் அதைத்தான் சொல்லியிருக்கும், ராயரே. அதற்கு வாய் இல்லை” என்றாள் நாகம்மை. “உங்கள் பட்டங்களைவிட அதன் எண் குட்டை. அதுவும் நீளமென்றால் கூப்பிட ஒரு செல்லப்பெயர் வையுங்கள். அந்தப் பெயர் முதுகு எண்ணோடு கட்டிக் கிடக்கட்டும், வந்த வரிசையோடு வேண்டாம்.”

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பொன்னாடை பேச்சிக்குப் போனது. நாடு கடத்தலும் கழுதையும் மன்னிக்கப்பட்டன. மொட்டை மட்டும் நடந்தது. கருவிகளுக்கெல்லாம் நிலையான பெயர் வைக்கும் வேலையை ராஜா நாகம்மையிடம் ஒப்படைத்தான்.

ஆயிரம் பாட்டு மட்டும் திரும்பவில்லை. பேச்சியிடம் பிரதி உண்டா என்று ராஜா கேட்க வாயெடுத்தபோதெல்லாம் நாகம்மை கூலி உயர்வைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள். ராஜா உடனே எழுந்து போய்விடுவான்.