காற்று அடிக்காத மலை

"அம்மா, இந்தக் கருவி என்னை நம்ப மாட்டேங்குது" என்றார் சீடர்.

சீடர் பெயர் வைத்திலிங்கம். புரோகிராம் எழுதியே தலை நரைத்தவர். புரோகிராம் எழுதுவதற்கென்றே இருந்த ஒரு மடத்தின் குரு மங்கையர்க்கரசி அவரைவிட வயதில் சின்னவர். அதைப் பற்றி இருவருமே கவலைப்பட்டதில்லை.

மலைக்கோயிலுக்குப் புதிதாக ரோப் கார் வந்திருந்தது. அதை ஓட்டும் புரோகிராமை வைத்திலிங்கம் எழுத வேண்டும்.

அந்த மடத்தில் எதையும் மொத்தமாக எழுதக் கூடாது. ஒரு படி எழுதி, அது சரிதான் என்று கணினியில் இருக்கும் கருவியிடம் நிரூபித்த பிறகுதான் அடுத்த படி. நிரூபித்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. கருவிக்குத் தாட்சண்யம் என்பதே கிடையாது.

பெட்டி மேலே போகும், கீழே வரும். பச்சை.

கதவு மூடாமல் கிளம்பாது. பச்சை.

காற்று பலமாக அடித்தால் யாருக்கும் ஆபத்தில்லாமல் நிற்கும். சிவப்பு.

எப்படி மாற்றி எழுதினாலும் சிவப்பு. ஆடிக் கிருத்திகைக்கு ஜனங்கள் ஏறியாக வேண்டும். வைத்திலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை.

குரு எல்லாவற்றையும் கேட்டார். மோரைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். குருமார்களிடம் எனக்குப் பிடிக்காத விஷயமே இதுதான்.

மறுநாள் வைத்திலிங்கம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். எல்லாம் பச்சையாகிவிட்டதாம்.

எப்படி என்று கேட்டார் குரு.

"ஒரே ஒரு வரி சேர்த்தேம்மா. இந்த மலையில காத்தே அடிக்காதுன்னு வச்சுக்கிட்டா எல்லாம் சரியா வருது. கருவியே ஒத்துக்கிச்சு."

ரொம்ப சந்தோஷம் என்றார் குரு. நேராக அவரை அடிவாரத்துக்கு அழைத்துப் போனார். புரோகிராமை ஏற்றச் சொல்லிவிட்டு, பெட்டியின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். எழுதியவர்தான் முதலில் ஏற வேண்டும் என்றார்.

அது ஆடி மாதம். வைத்திலிங்கத்தின் வேட்டி படபடவென்று அடித்துக்கொண்டது. ஒரு காலை உள்ளே வைத்தவர் அண்ணாந்து பார்த்தார். மேலே கம்பி இப்படியும் அப்படியும் ஊசலாடியது.

"அம்மா, காத்து..."

"எந்தக் காத்து?" என்றார் குரு.

வைத்திலிங்கம் காலை வெளியே எடுத்தார். மடத்துக்கு ஓடினார். மூச்சு வாங்கக் கணினி முன் உட்கார்ந்து, அந்த ஒரு வரியை அழித்தார்.

திரை பழையபடி சிவந்தது.

"அப்பாடா" என்றார்.