கத்தரிச்செடிக்கு வந்த பொன்வண்டு

குளக்கரைக் கத்தரித் தோட்டத்தில், ஒரு செடியின் வேருக்குள் ஒரு நூற்புழு குடியிருந்தது. கண்ணுக்கே தெரியாத உருவம். வாய் மட்டும் பெரிது.

அந்த வேர் முழுக்க அதன் பிள்ளைகள்தான். எல்லோரும் ஓயாமல் சாறு உறிஞ்சியதில் செடி வாடித் தலை தொங்கிவிட்டது. தோட்டக்காரி வெள்ளையம்மா வாடிய செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். இன்னும் நான்கு செடி தாண்டினால் இந்தச் செடிதான்!

நூற்புழு நடுங்கியது. அப்போது செடியின் மேல் ஒரு பொன்வண்டு வந்து உட்கார்ந்தது. அந்தப் பக்கத்தில் மிஞ்சியிருந்த பொன்வண்டு அது ஒன்றுதான். அது முட்டையிடும் கருவேல மரங்களை வெட்டிவிட்டார்கள். மூன்று நாளாக மரம் தேடிப் பறந்து களைத்திருந்தது, பாவம்.

புழுவுக்கு ஒரு யோசனை வந்தது. வெள்ளையம்மாவுக்குப் பொன்வண்டு என்றால் உயிர். அது இருக்கும் செடியில் கை வைக்கமாட்டாள்.

"வா அக்கா! எதற்கு இப்படி அலைகிறாய்? இங்கேயே முட்டையிடு!"

"யார் பேசுவது?"

"நான்தான், வேருக்குள் இருக்கும் நூற்புழு! இந்த மாதிரி வீடு உனக்கு எங்கேயும் கிடைக்காது!"

பொன்வண்டுக்கு இறக்கை வலித்தது. இட்டுவிடலாமா என்று தண்டைத் தொட்டுப் பார்த்தது. தண்டு துவண்டது.

"இது ஏன் வாடியிருக்கிறது?"

"எல்லாம் வெயில்தான்!"

"இதில் முட்டை பிழைக்குமா? எனக்கு இருப்பதே பதினொன்றுதான்."

புழுவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்த இடத்தில் அது வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை.

"பதினொன்றுக்கா இவ்வளவு கவலை? நான் ஒருத்தியே நானூறு இட்டேன்! அத்தனை பிள்ளைகளும் இந்த ஒரே வேரைத் தின்றுதான் கொழுத்திருக்கின்றன. வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக எங்கள் வீடுதான்!"

"அப்படியானால் செடியை வாட்டியது வெயில் இல்லை, நீங்கள்!"

"வேர் இருப்பது தின்னத்தானே?"

"நீ நானூற்றில் பாதியை இழந்தாலும் சிரிப்பாய். எனக்கு ஒன்று போனாலும் தாங்காது."

பொன்வண்டு எழும்பியது. குளத்தின் அக்கரையில் வெட்டாமல் விட்ட ஒற்றைக் கருவேலம் தெரிந்தது. விழுந்து எழுந்து பறந்துபோய், அதன் பட்டை இடுக்கில் பதினொரு முட்டைகளையும் இட்டது.

வெள்ளையம்மா வந்தாள். செடியைப் பிடுங்கினாள்.

"ச்சீ, வேர் பூராவும் முடிச்சு!" என்று அதைச் சுடுபாறையில் வீசினாள். உச்சிவெயில் இறங்குவதற்குள் புழுவும் அதன் நானூறு பிள்ளைகளும் காய்ந்துபோயின.

தம்மைத் தாங்கும் வேரையே தின்பவர்கள் எத்தனை பேராகப் பெருகினாலும், அந்த வேரின் ஆயுள்தான் அவர்களுக்கும் ஆயுள்.