உளுவை கேட்ட முழங்கால் தண்ணீர்

அந்தக் காலத்தில் மீனும் நண்டும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தன. ஆறு கடலில் சேரும் கழிமுகத்தின் அடித்தரையில் உளுவை என்ற மீன் குடியிருந்தது. விரல் நீளம், மண் நிறம். மற்ற மீன்களைப் போலவே அதற்கும் கண்கள் கன்னத்துப் பக்கம்தான் இருந்தன. சூரியனை அது பார்த்ததில்லை, பார்க்கும் ஆசையும் இல்லை. சேற்றில் ஒரு பொந்து, பொந்து நிறையக் குஞ்சுகள், குளிர்ந்த தண்ணீர். அதுவே போதும் என்றிருந்தது.

அதே கழிமுகத்தில் நாகாத்தா என்ற பெண் இறால் தடவினாள். வலையும் படகும் ஆண்களுடையவை. பெண்கள் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கைகளால் துழாவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். கூடை போன்ற அந்தப் பறி மோவாய்க்குக் கீழே மிதந்து வரும். வாயைத் திறந்தால் பறி போய்விடும். அதனால் தண்ணீரில் இருக்கும்வரை அந்தப் பெண்கள் பேசுவதில்லை.

உளுவைக்கு அது கொண்டாட்டம்.

“நேத்து உன் வீட்டுக்காரர் வலையில பழைய செருப்பு ஒண்ணு மாட்டுச்சாமே, அக்கா. குழம்பு நல்லா இருந்துச்சா?” என்று கேட்கும்.

நாகாத்தா முறைத்துக்கொண்டே “ம்” என்பாள்.

“வாயைக் கட்டிப்போட்ட மனுஷிகிட்டப் பேசுறதுதான் சுகம்” என்று மறுபடியும் சீண்டும். சிரிப்பில் கயிறு நழுவ, பறியை எட்டிப் பிடிப்பாள் நாகாத்தா. கரையேறியதும் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் திட்டுவாள். ஆனாலும் உளுவையின் பொந்து எங்கே என்று அவள் விரல்களுக்குத் தெரியும். அந்த இடம் வந்தால் விரல்கள் தாமாகச் சுற்றிக்கொண்டு போகும்.

முன்பெல்லாம் ஆறு மலைமண்ணை மட்டும் சுமந்து வந்தது. பிறகு மேட்டுப் பக்கம் ஒரு பண்ணையார் கண்ணுக்கெட்டிய தூரம் கரும்பு நட்டார், ஆலை வைத்தார். சாறு பிழிந்த கழிவு, பாகு காய்ச்சிய நுரை, வயலில் போட்டு மிஞ்சிய எரு, தொழுவம் கழுவிய தண்ணீர், எல்லாவற்றையும் கொட்ட அவருக்கு ஒரே இடம்தான் தெரிந்தது. ஆறு.

முதலில் யாரும் குறை சொல்லவில்லை. கழிமுகத்து மீன்கள் கொழுத்தன. “ஆறு நமக்கு ஊட்டிவிடுதுய்யா” என்று ஊர்ப் பெரியதனம் அஞ்சப்பன் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு பாசி வந்தது. எருவைத் தின்று பெருகி, பச்சைப் பாயாக விரிந்து, தண்ணீரின் வெளிச்சத்தை மூடியது. தின்றது செரிக்காமல் செத்து, அடியில் இறங்கி அழுகியது. அழுகுவதற்கும் மூச்சு வேண்டும். தண்ணீரில் கரைந்திருந்த மூச்சையெல்லாம் அந்த அழுகல் உறிஞ்சிக்கொண்டது.

கோடையும் கொடியதாக இருந்தது. மேல்தண்ணீர் சுட்டது, அடித்தண்ணீர் கனத்துக் கிடந்தது. இரண்டும் மனஸ்தாபம் கொண்ட பங்காளிகளைப் போல ஒன்றோடொன்று சேரவில்லை. கடற்காற்று வந்து கலக்கியிருந்தால் மேலே உள்ள மூச்சு கீழே இறங்கியிருக்கும். காற்று வரவில்லை.

ஒரு காலையில் கழிமுகத்து மீன்கள் எல்லாம் கரையோரத்தில் வந்து நின்றன. கெளுத்தி, மடவை, இறால், நண்டு எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக, வாயைத் திறந்துகொண்டு நின்றன. கை வைத்தாலும் விலகவில்லை.

ஊர் திரண்டு ஓடியது. “கடலம்மா சீர் அனுப்பியிருக்கா” என்றார் அஞ்சப்பன். வலை போதாமல் வேட்டியை விரித்தார்கள். ஒருவர் சட்டியால் மொண்டார். நாகாத்தாவும் பறியைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். அன்றைக்கு இறாலைத் தேட வேண்டியிருக்கவில்லை. கையை நுழைத்ததும் கை நிறைந்தது.

அப்போது அவள் முழங்காலருகே உளுவை வந்தது. அதன் குரலில் கேலி இல்லை.

“அக்கா, நாங்க உங்களுக்குத் தீனியா வரல. மூச்சு விட வந்திருக்கோம். அடியில மூச்சே இல்ல. இந்த ஓரத்துத் தண்ணியிலதான் கொஞ்சம் மிச்சம் இருக்கு. காத்து திரும்புற வரைக்கும் இந்த முழங்கால் தண்ணிய மட்டும் எங்களுக்கு விட்டுடச் சொல்லு. பெரியதனம் பக்கத்துலதான் நிக்கிறாரு. ஒரு வார்த்தை சொல்லு.”

பறி விளிம்பு வரை நிறைந்திருந்தது. அப்படி ஒரு பறியை நாகாத்தா பிறந்ததிலிருந்து கண்டதில்லை. கயிறு பல்லை இழுத்தது. வாயைத் திறந்தால் அவ்வளவும் தண்ணீரோடு போய்விடும்.

“ம்” என்றாள்.

“அந்த ‘ம்’ போதாது, அக்கா. என் குஞ்சுகளும் மேல வந்திருக்கு.”

கரைக்குப் போய்ப் பறியை இறக்கிவிட்டுச் சொன்னால் போகிறது என்று நினைத்தாள் நாகாத்தா. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். கைகள் மறுபடி தண்ணீருக்குள் போயின.

உச்சிப்பொழுதுக்குள் கரையோரம் வெறும் தண்ணீராகிவிட்டது. தின்றது போக, உப்பிட்டது போக, மீதி மணலில் குவிந்து வெயிலில் வெடித்தது. நாகாத்தா வீட்டு வாசலில் பறியைக் கவிழ்த்தாள். இறால்களுக்கு நடுவே நகத்தளவில், மண் நிறத்தில், வாய் திறந்தபடி உளுவைக் குஞ்சுகள் கிடந்தன. அவள் விரல்கள் எப்போதும் தொடாமல் சுற்றிப் போகும் பொந்தின் குஞ்சுகள்.

“அதைத் தள்ளிப் போடு. பூனைக்காவது ஆகும்” என்றாள் பக்கத்து வீட்டுத் தாயம்மா.

நாகாத்தா கழிமுகத்துக்கு ஓடினாள். தண்ணீர் வற்றிய சேற்றின்மேல் உளுவை கிடந்தது. நாரையிடமிருந்தும் மனிதரிடமிருந்தும் தப்பிக்க நாள் முழுதும் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்ததில் அதன் கண்கள் கன்னத்தை விட்டு உச்சந்தலைக்கு ஏறியிருந்தன. கன்னம் நிறையத் தண்ணீரை அடக்கிவைத்து, அதிலிருந்து சொட்டுச் சொட்டாக மூச்சைக் குடித்துக்கொண்டிருந்தது. பேச வேண்டுமானால் அந்தத் தண்ணீரைத் துப்ப வேண்டும். துப்பியது.

“முழங்கால் தண்ணிதான் கேட்டேன். கடலைக் கேக்கல.”

“கரைக்கு வந்து சொல்லலாம்னு இருந்தேன்டி.”

“யாருகிட்ட? வெறும் தண்ணிகிட்டயா?” என்றது உளுவை. “அடியில இருந்தா அழுகல் கொல்லுது. ஓரத்துக்கு வந்தா நீ கொல்லுற. ரெண்டும் வேண்டாம், நான் சேத்துல இருந்துக்குறேன். உன்னோட பேசுறதுக்காக இனி ஒரு வாய்த் தண்ணியைக்கூட வீணாக்க மாட்டேன்.”

சேற்றுக் குழியில் முகத்தை நனைத்து, கன்னத்தை நிரப்பிக்கொண்டு திரும்பிக்கொண்டது.

நாகாத்தாவுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. முதலில் தன்மேல், அப்புறம் ஊரின்மேல். அதுவும் அடங்காமல் ஆற்றை நோக்கித் திரும்பியது. குவியலில் நாறிக்கொண்டிருந்த மீனைப் பறியில் அள்ளினாள். மற்றப் பெண்களும் அள்ளிக்கொண்டார்கள். கரையோடு நடந்து போய்ப் பண்ணையார் வாசலில் கொட்டினார்கள்.

பண்ணையார் மேல்துண்டால் மூக்கை மூடினார். “என்னம்மா இது?”

“உங்க ஆலைக் கழிவுதான். ஆத்துல விட்டீங்க. கடல் வரைக்கும் போய்த் திரும்பி வந்திருக்கு.”

“வெயில் காரணமா இருக்கலாம். காத்து இல்லாதது காரணமா இருக்கலாம். பாசியா இருக்கலாம். எத்தனையோ காரணம் இருக்கலாம். நான் விட்டது பாகுத் தண்ணி. இனிப்பைத் தின்னு யாராவது சாவாங்களா?”

“வெயில் எங்க பாட்டன் காலத்துலயும் அடிச்சது. காத்து அப்பவும் நின்னிருக்கு. மீன் சாகல. நீங்க ஊத்துனதைத் தின்னுதான் அந்தப் பாசி வளந்துச்சு.”

பண்ணையார் சிரித்தார். “சரி, மூச்சுத் திணறிக் கரைக்கு வந்த மீனை வாரினது யாரு? நானா?”

பொய்யன் கையில் ஓர் உண்மை அகப்பட்டுவிட்டது. அதை வைத்தே அவர் தன் பொய்யை எல்லாம் மூடிக்கொள்வார் என்று நாகாத்தாவுக்குப் புரிந்தது. அப்படியேதான் ஆயிற்று. ‘மீன் அழிந்ததற்கு மீன் பிடிப்பவர்களே காரணம். மறுபடி மீன் பெருகும்வரை கழிமுகத்தில் வலை இறங்கக் கூடாது’ என்று ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். ஆலை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“அவன் சொல்லி நாம வலையைக் கட்டிவைக்கணுமா?” என்று குதித்தார் அஞ்சப்பன். எஞ்சியிருந்த சில மீன்கள் அப்போதும் ஓரத்தில் வாய் திறந்து நின்றன. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

நாகாத்தா முழங்கால் தண்ணீரில் அவர் எதிரே போய் நின்றாள். பல்லில் பறிக் கயிறு இல்லை.

“அவன் சொல்லி இல்ல, மாமா. உளுவை கேட்டுச்சு. அன்னைக்கே சொல்லியிருக்கணும், நான்தான் சொல்லாம விட்டேன். இப்பச் சொல்றேன். வலை வீசணும்னா என் தலைமேல வீசுங்க.”

“உன் பிள்ளைங்க என்னத்தைத் தின்னும்?”

“என்னத்தைத் தின்னும்னு என்னை மட்டும் கேக்காதீங்க. ஆத்து மேல போயும் கேளுங்க.”

அஞ்சப்பன் வலையைச் சுருட்டினார்.

ஊர் கிழங்கைத் தின்று நாளை ஓட்டியது. அதுவும் இல்லாதபோது பட்டினி கிடந்தது. ஆலையில் மட்டும் ஒருநாளும் புகை நிற்கவில்லை. ஒருநாள் காற்று திரும்பியது. அலை புரண்டு, மேல்தண்ணீர் அடிக்கு இறங்கியது. மிஞ்சிய மீன்கள் ஆழத்துக்குப் போயின. உளுவை போகவில்லை.

அன்று முதல்தான், மீன்கள் வாய் திறந்து கரையோரம் வந்து நிற்கும் நாட்களில் கழிமுகத்தார் பசியோடு வலையைக் கட்டிவைக்கிறார்கள், ஆற்றில் ஊற்றுகிறவர்களோ ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள். உளுவையும் அன்று முதல்தான் நீரையும் நம்பாமல் நிலத்தையும் நம்பாமல் சேற்றில் தாவித் திரிகிறது, ஒரு கண்ணால் நம் கைகளையும் மறு கண்ணால் ஆறு வரும் வழியையும் பார்த்தபடி.