அசனத்துக்கு வெள்ளுடுப்பு

பிரசங்கியார் செல்வநாயகம் குரல் எடுத்தால் பனை உச்சியில் இருக்கிற காக்கா கூட மனந்திரும்பும். அன்று காலை, உப்பளத்து ஊர் வேதக்கோயிலில், கலியாண வஸ்திரம் இல்லாமல் விருந்துக்கு வந்தவனை ராஜா வெளியே தள்ளச் சொன்ன உவமையை எடுத்துக்கொண்டார்.

“அது கடைசி நாளைப் பற்றிய தீர்க்கதரிசனம். அந்த நாள் வாசலுக்கே வந்தாச்சு. இன்றைய அசன விருந்திலிருந்தே பழகுங்க. வெள்ளுடுப்பு இல்லாதவனுக்குப் பந்தி கிடையாது.”

வாசலில் நின்று தடுக்கும் வேலை மணியடிக்கிற தேவஇரக்கத்தின் தலையில் விழுந்தது. உப்பளத்திலிருந்து அழுக்குத் துணியோடு நேரே வந்த சனம் வெயிலில் நின்றது. அதில் அவன் பெண்டாட்டியும் ஒருத்தி. தடுத்தால் வீட்டில் சோறில்லை, தடுக்காவிட்டால் கோயிலில் வேலையில்லை.

தேவஇரக்கம் கைகட்டிக் கேட்டான். “ஐயா, அந்த உவமையில துணியப் பாத்தது ஊழியக்காரனா?”

“இல்லப்பா. அவன் வழியில கண்ட நல்லவன் கெட்டவன் எல்லாரையும் கூட்டிட்டு வந்தான். துணியப் பாத்தது ராஜா.”

“அப்ப இன்னைக்கு நீங்க ராஜாவா, ஊழியக்காரரா? சொல்லிட்டீங்கன்னா, நான் வாசல்ல நிக்கிறதா, ஆளக் கூப்பிடப் போறதான்னு தெரிஞ்சிக்கிடுவேன்.”

சபை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. உவமையில் ராஜா என்றால் ஆண்டவர்; தன்னை ராஜா என்று சொல்ல அவருக்கே பயம்.

“ஊழியக்காரன்தான்,” என்றார் மெல்ல.

“அப்ப இதப் பிடிங்க,” என்று குழம்பு வாளியை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சனத்தைக் கூப்பிடப் போனான்.

கடைசிப் பந்தி வரை பரிமாறி முடித்தபோது, பிரசங்கியாரின் வெள்ளை ஜிப்பா முழுக்க ஆட்டுக்கறிக் குழம்பு. பசியோடு, உட்காரலாமா என்று தயங்கி நின்றார்.

தேவஇரக்கம் அவருக்கு ஓர் இலையைப் போட்டான். “உக்காருங்க ஐயா. ராஜா இன்னும் வரல.”