வாசலில் ஆள் காத்திருக்கிறது

முதலில் கூலியைக் குறைத்தார்கள். அடுத்து, ஏன் குறைத்தீர்கள் என்று கேட்டவர்களை உப்பளத்துக்குள் விட மறுத்தார்கள். அடுத்து, முதலாளி சாக்கு அடுக்கி வைக்கும் கிட்டங்கி எரிந்தது. யார் வைத்த தீ என்று இன்றுவரை எவரும் தேடவில்லை. அடுத்து, அந்தத் தீயை அணைக்கத் தண்ணீர் வாளியோடு ஓடிய தவசிமுத்துவை முதுகில் சுட்டார்கள். அடுத்து, தீ வைத்தவனே அவன்தான் என்று பத்திரிகையில் எழுதினார்கள். அடுத்து, விசாரணை என்று ஒன்று வைத்து, எழுதியது சரி என்றார்கள். பத்து வருடம் ஆறவிட்டு, கடைசியில் படம் எடுத்தார்கள்.

இந்த வரிசையை மாற்றிச் சொல்லக் கூடாது என்பது சந்தியாகு அண்ணாச்சியின் பாடம். உப்பளத் தொழிலாளர் சங்கத்தில் காலமெல்லாம் அரசியல் வகுப்பு எடுத்தவர் அவர். நடுவில் ஒன்று விட்டுப்போனாலும் நிறுத்தி, முதலிலிருந்து சொல்ல வைப்பார். கடைசியிலிருந்து தொடங்குகிறவன் எதிரியின் கதையைத்தான் சொல்கிறான் என்பார். அவரிடம் படித்தவர்களில் பலர் இன்று கார் வைத்திருக்கிறார்கள். வரிசை தப்பாமல் சொல்ல மிஞ்சியவர் பிச்சைக்கனி ஒருவர்தான். அவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. சங்கத்தின் செயலாளர்.

படத்தில் தவசிமுத்துவுக்குக் கங்கு ராசு என்று பெயர். கங்கு ராசுவின் வாளியில் பெட்ரோல் இருந்தது. படம் பிடித்தபோது உள்ளூர்க்காரர்களே அந்தக் காட்சியில் கூட்டமாக நின்றார்கள், ஒரு வேளைப் பிரியாணிக்கு. நிஜ வாளியைக் கண்ணால் பார்த்தவர்களும் அவர்களே. இப்போது தங்கள் முகம் எங்கே வருகிறது என்று தேடுவதற்காகத் திரும்பத் திரும்பத் தியேட்டருக்குப் போகிறார்கள்.

தவசிமுத்துவின் மனைவி பேச்சித்தாய் ஒருநாள் காலையில் சங்க அலுவலகத்துக்கு வந்தாள். குழாயடியில் அவளைக் கங்கு ராசு சம்சாரம் என்று கூப்பிட்டார்களாம். இவளுக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய் கேனை வைக்காதே என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்களாம். கேட்டதற்கு, சும்மா வேடிக்கைதானே என்றார்களாம். நினைவு நாளுக்கு வருடா வருடம் தெருவே திரண்டு வரும். இந்த வருடம் வந்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் போலீஸ்.

இதையெல்லாம் அழாமல் சொன்னாள். வந்த காரியத்தைக் கடைசியில்தான் சொன்னாள்.

"நினைவுக்கல்லுல அவுக பேரு இருக்குல்லா, அதைக் கொத்தி எடுத்துருங்க அண்ணாச்சி. வாரவன் போறவன் எல்லாம் அதைக் காட்டிச் சிரிக்கான்."

பிச்சைக்கனி எழுந்துவிட்டார். சாக்கு அறுக்கும் கத்தியை எடுத்து இடுப்பில் செருகினார். இன்றைக்கு அந்தத் திரையைக் கிழிக்காமல் வீடு திரும்பப் போவதில்லை என்றார்.

சந்தியாகு கத்தியை வாங்கி வைக்கவில்லை. பேச்சித்தாயிடம், கல்லை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், இன்று மேட்னிக்குத் தியேட்டர் வாசலில் வந்து நிற்க முடியுமா என்று கேட்டார். எதற்கு என்றாள்.

"உன் வீட்டுக்காரரைக் கூப்பிட."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அந்தத் தியேட்டருக்குள் போகவும் வரவும் ஒரே வாசல். அங்கே ஒரு வழக்கமும் உண்டு. உப்பு ஏற்ற லாரி வந்து நின்றாலும், வீட்டில் பிரசவ வலி கண்டாலும், சாவு விழுந்தாலும், வாசலில் வந்து பெயரைச் சொன்னால் போதும். மேனேஜர் படத்தை நிறுத்தி, விளக்கைப் போட்டு, மைக்கில் பெயரை வாசிப்பார். ஆள் எழவில்லை என்றால் மறுபடி வாசிப்பார். ஆள் வெளியே போன பிறகே படம் ஓடும். இதற்கு யாரும் முணுமுணுப்பதில்லை. நாளைக்கு அது தன் பெயராக இருக்கலாம்.

மேட்னிக்குச் சந்தியாகுவும் பிச்சைக்கனியும் டிக்கெட் எடுத்து உள்ளே போனபோது கூட்டம் நிறைந்திருந்தது. அவர்களுக்கு இரண்டு வரிசை முன்னால் வேலாயுதம் உட்கார்ந்திருந்தார். சுடப்பட்ட அன்று தவசிமுத்துவைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்.

திரையில் கிட்டங்கி எரிந்தது. உள்ளே மாட்டிக்கொண்ட காவல்காரரின் மகள் அப்பா, அப்பா என்று கதறினாள். வயலின் அழுதது. பிச்சைக்கனி துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"அழுதியா?" என்றார் சந்தியாகு.

"புள்ள கத்துது அண்ணாச்சி."

"நம்ம கிட்டங்கிக் காவல்காரருக்குக் கல்யாணமே ஆகலை. நீதானே அவருக்குப் பொண்ணு பாத்து அலைஞ்சே?"

பிச்சைக்கனி துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் திரையைப் பார்க்கவில்லை. முன்னால் வேலாயுதம் விசில் அடித்ததும் தலையை நிமிர்த்தினார்.

"ரத்தம் ஊறுன சட்டையோட நின்ன ஆளு இவரு. எப்படி மறந்துபோச்சு?"

"மறக்கலை. பக்கத்துல இருக்கவன் விசில் அடிக்கான். தனியா உக்காத்தி வச்சுப் பாரு, அழுவான்."

பிச்சைக்கனியின் கை இடுப்புக்குப் போனது. சந்தியாகு திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"கிழி. நாளைக்கு வேற துணி கட்டுவான். ஆனா ஒண்ணு. அந்தப் பெட்ரோல் வாளியை நம்பாதவனும் உன் கத்தியை நம்புவான்."

"அப்ப நம்ம பதில்தான் என்ன, அண்ணாச்சி?"

சந்தியாகு எழுந்து வெளியே போனார். மேனேஜர் ஊருக்குப் புதியவர். ஆளின் பெயர், தகப்பன் பெயர், தெரு, காத்திருப்பவர் யார் என்று வழக்கப்படி கேட்டு, ஒரு டிக்கெட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். வாசலில் வெயிலில் நின்ற பேச்சித்தாயைக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்.

"ஆள் உள்ளதான் இருக்காரா, பெரியவரே?"

"உள்ளதான். இப்பதான் பாத்துட்டு வாரேன்."

துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் வாசித்தால் நல்லது, ஜனங்கள் அதுவரை ஆசையாகப் பார்க்கட்டும் என்றார் சந்தியாகு. மேனேஜருக்கு அது நியாயமாகவே பட்டது. சந்தியாகு உள்ளே வந்து பழையபடி உட்கார்ந்துகொண்டார்.

திரையில் கங்கு ராசுவை நெஞ்சில் சுட்டார்கள். படம் எடுத்தவர்களுக்கே முதுகில் சுடக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். அவன் விழுந்தான். தியேட்டர் எழுந்தது. காகிதத் துண்டுகள் பறந்தன. வேலாயுதம் சீட்டின் மேல் ஏறி நின்று விரலை வாயில் வைத்தார்.

படம் நின்றது. விளக்கு எரிந்தது. வெறும் வெள்ளைத் திரை.

மைக் கரகரத்தது.

"தவசிமுத்து. வடக்கு அளத்தெரு, இசக்கி மகன் தவசிமுத்து. உங்க சம்சாரம் பேச்சித்தாய் வாசல்ல காத்துக்கிட்டு இருக்காங்க. உடனே வெளியே வரவும்."

விசில் பாதியில் அறுந்தது. தலைகளில் விழுந்த காகிதத்தை யாரும் தட்டிவிடவில்லை. பக்கத்தில் இருப்பவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வேலாயுதம் சீட்டிலிருந்து இறங்கினார். உட்காரவில்லை. இரண்டு கைகளையும் சட்டையில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

பிச்சைக்கனி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஒருத்தனும் அசையலையே அண்ணாச்சி. யாரு அவ முகத்துல போயி முழிப்பா?"

"எல்லாரும்தான். இருக்கது ஒரே வாசல்."

ஆள் எழவில்லை. மேனேஜர் வழக்கப்படி இரண்டாம் முறை வாசித்தார்.

"தவசிமுத்து."