கெசியா வாசித்த சங்கீதம்

மூன்று பேர் மூன்று நியாயம் பேசுகிற வழக்கு இது. தலையைப் பிய்த்துக்கொள்ளாமல் கேட்டு, நீங்களாவது ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

பாளையங்கோட்டையில் எப்சிபா என்று ஒருத்தி. மகள் கெசியாவுக்கு ஆறு வயது, மகன் ஓபேத்துக்கு நாலு. கெசியா எல்கேஜி முடித்து யூகேஜி படித்த வருஷம் முழுக்க, வாசலில் வேன் ஹாரன் கேட்டதும் வாந்தி எடுப்பாள். வயிற்றில் கோளாறே இல்லை என்றார் டாக்டர். வேன் வராத ஞாயிற்றுக்கிழமையில் வாந்தியும் வராது. பொறுத்துப் பார்த்த எப்சிபா, ஜூன் மாதம் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று நிறுத்திவிட்டாள். "ஆண்டவர் தந்த பிள்ளைங்க, நானே வீட்டுல வச்சுச் சொல்லிக்கொடுக்கேன்" என்றாள். கணவர் தர்மராஜ் தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுவார்.

அன்றைக்குப் பிடித்தது தொல்லை. "நீ சும்மாதானே இருக்க, சிலிண்டர் வந்தா வாங்கி வை" என்று பக்கத்து வீட்டுக்காரி பாடம் நடக்கும்போதுதான் பெல்லை அடிப்பாள். சபையில் பெண்கள் ஐக்கிய சங்கம் அவள் பெயரைச் சொல்லி, 'படிப்பை இழந்த பிள்ளைகளுக்காக' கண்ணீரோடு ஜெபித்தது. அவளையும் பக்கத்தில் முழங்காலில் வைத்துக்கொண்டே! ஓபேத்தோ எந்த எழுத்தைக் காட்டினாலும், "விடுற பெல் எப்பம்மா அடிக்கும்?" என்பான்.

இத்தனைக்கும் நடுவே அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் கெசியாவின் வாசிப்பு. அந்த வீட்டில் இரவு குடும்ப ஜெபத்தில் வேதபுத்தகத்திலிருந்து ஒரு சங்கீதத்தை ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிப்பார்கள். தர்மராஜுக்கு வேறு பக்கம் திருப்பச் சோம்பல், அதனால் பெரும்பாலும் அதே சங்கீதம்தான். கெசியா தன் முறை வந்ததும் விரலை வைத்துக் கணீரென்று வாசிப்பாள். வாசிப்பைப் பற்றிக் கவலையில்லை என்று எப்சிபா பகலெல்லாம் கணக்கோடு மல்லுக்கட்டினாள்.

தர்மராஜின் அக்கா கிருபாவதி, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சும்போதும் வாய்ப்பாடு கேட்கிறவள். அவள் ஒருநாள் முடிவாகச் சொன்னாள்: "கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எல்லாரும் நம்ம வீட்டுக்குத்தான வருவீங்க? கெசியா எல்லார் முன்னாலயும் வேதம் வாசிக்கட்டும். வாசிச்சிட்டா நான் வாயே திறக்கமாட்டேன். வாசிக்கலைன்னா ஜூன்ல பள்ளிக்கூடம். சரியா?"

"சரி மைனி" என்றாள் எப்சிபா. இந்த நச்சரிப்பு ஓய்ந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

அந்த நாளும் வந்தது. கிருபாவதி வேதபுத்தகத்தை எடுத்ததும் தர்மராஜ் முந்திக்கொண்டு, "அக்கா, நம்ம சங்கீதத்தையே வாசிக்கட்டுமே" என்றார். கிருபாவதியும் பக்கத்தை எடுத்துக் கொடுத்தாள். கெசியா ஆரம்பித்தாள். ஒரு சொல் பிசகவில்லை. ஐந்தாம் வசனத்துக்கு முன்னால் மட்டும், தர்மராஜ் வீட்டில் தினமும் செருமுவது போலவே, தொண்டையைச் செருமினாள்.

எப்சிபாவுக்குச் சந்தேகம் தட்டியது. எட்டிப் பார்த்தாள். பக்கம் முடிந்து சங்கீதம் அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தது. பிள்ளை பக்கத்தைத் திருப்பவே இல்லை.

எல்லாரும் கைதட்டினார்கள். கிருபாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் தோத்துட்டேன், எப்சிபா" என்றாள்.

எப்சிபா கணவரை அடுப்படிக்குள் இழுத்துப்போனாள். "என்னங்க, அவ வாசிக்கல. ஒப்பிக்கா!"

"தெரியும். ஒருநாள் புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சிட்டுச் சொன்னா. அழகா இருந்துச்சு, விட்டுட்டேன்."

"விட்டுட்டீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா, மனுஷா!"

"சத்தம் போடாத. ஜெயிச்சாச்சுல்லா?"

இப்படி ஒரு மனிதனை வைத்துக்கொண்டு என்ன செய்வது! எப்சிபா இரண்டு பக்கத்தையும் எண்ணிப் பார்த்தாள். சொன்னால் ஜூனில் அந்த ஹாரன், அந்த வாந்தி. சொல்லாவிட்டால், பொய் சொல்லாதே என்று தினமும் சொல்லிக்கொடுக்கிற வாய் என்ன வாய்? ஆத்திரமும் அழுகையுமாக வெளியே வந்து, எல்லார் முன்னாலும் சொன்னாள்: "மைனி, எம்பிள்ளைக்கு வாசிக்கத் தெரியல. மனப்பாடமாச் சொன்னா."

கெசியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தானம்மா சொன்னேன்? மிஸ் வெரி குட் சொல்லி ஸ்டார் குத்தினாங்களே!"

மூவரும் சண்டை பிடித்துக்கொண்டார்கள். "கேட்ட பகுதியைத் தப்பில்லாமச் சொல்லிட்டா, அக்கா தோத்துட்டேன்னு சொல்லியாச்சு, பேச்சு முடிஞ்சுது" என்றார் தர்மராஜ். "வாசிக்கணும்னுதான் பேச்சு, வாசிக்கல. ஜூன்ல பள்ளிக்கூடம்" என்றாள் கிருபாவதி. "நான் கொடுத்த வாக்கை மீறமாட்டேன் மைனி. ஆனா ரெண்டு வருஷமா இதைக் கண்டுபிடிக்காத இடத்துக்கு எந்த நம்பிக்கையில அனுப்பச் சொல்லுதீங்க?" என்றாள் எப்சிபா.

இப்போது சொல்லுங்கள்: இந்த மூவரில் யார் பக்கம் நியாயம்? ஜூன் மாதம் கெசியா எங்கே போகவேண்டும்?

விடை இதுதான். பேச்சுப்படி பார்த்தால் ஜெயித்தது கிருபாவதி. தர்மராஜின் நியாயம் நியாயமே இல்லை. ஆனால் வாக்குக் கொடுத்தபின் பிள்ளையைப் பிடித்து வைக்கும் உரிமை எப்சிபாவுக்குக் கிடையாது என்றாலும், விட்டுக்கொடுக்கும் உரிமை கிருபாவதிக்கு உண்டு. ஜெயித்தவள்தானே வாக்கிலிருந்து விடுவிக்க முடியும்? அவள் விடுவிக்க வேண்டும். பள்ளிக்கூடம் ஸ்டார் கொடுத்து மறைத்தது, தகப்பன் ரசித்து மறைத்தான், எப்சிபாவும் ஏமாந்தவள்தான். ஆனால் தெரிந்த நிமிஷம், தனக்கு நஷ்டம் என்று தெரிந்தே, பிள்ளைக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்னவள் அவள் ஒருத்திதான். சொல்லித்தர அவளைவிட யாரை நம்புவது? கிருபாவதியும் இந்த முடிவுக்குத்தான் வந்தாள். "சரி, பிள்ளை உங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். எப்சிபா கையெடுத்துக் கும்பிடப் போனாள். "ஆனா வாசிப்புப் பாடம் எனக்கு. நாளைக்குக் காலையிலேர்ந்து தினமும் வாரேன்" என்றாள் கிருபாவதி. "தினமுமா மைனி?" என்று கேட்டுவிட்டு, எப்சிபா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.