இடப்பக்கத்து ஆறு கூண்டுகள்

"நான் தொட்டதெல்லாம் விஷமாத்தான் போகுது மேடம்," என்றார் சிவசைலம்.

கையில் ஒரு கடிதம். அன்று சாயங்காலத்துக்குள் கமிட்டிக்குப் போய்ச் சேர வேண்டியது. இந்த ஆராய்ச்சியை இத்தோடு நிறுத்திக்கொள்கிறோம், மருந்தை அழித்துவிடுகிறோம் என்று அவரே எழுதிய கடிதம். அதில் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் போட்டுவிட்டார். சுபைதா மேடம்தான் பாக்கி.

மேடம் உட்காரச் சொன்னார். சிவசைலம் உட்காரவில்லை.

மனுஷனுக்கு நாற்பத்தாறு வயது. முக்கால்வாசித் தலை நரைத்துவிட்டது. புற்றுநோய்க்கு மருந்து செய்கிறேன் என்று பத்தொன்பது வருஷம் கண்ணாடிக் குடுவைகளோடு மல்லுக்கட்டியவர். சும்மா சொல்லக் கூடாது, அசுர உழைப்பு. ஆனால் பயந்த சுபாவம். அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வருகிற ரகம்.

அவர் செய்த நூற்றுக்கணக்கான மருந்துகளில் ஒன்று மட்டும் விநோதமாக நடந்துகொண்டது. புற்றுக்கட்டியை அது ஒன்றும் செய்யவில்லை. கட்டி அதுபாட்டுக்கு வளர்ந்தது. ஆனால் அந்த மருந்தைத் தின்ற ஆண் சுண்டெலிகளுக்குக் குட்டி பிறக்கவில்லை. நன்றாகத் தின்றன, ஓடின, ஜோடி சேர்ந்தன. விந்தில் மட்டும் உயிரணு இல்லை.

வேறு யாராவது என்றால் குப்பையில் கொட்டியிருப்பார்கள். சிவசைலத்துக்கு மனசு வரவில்லை.

அதற்குக் காரணம் அவர் மனைவி கோமதி. இரண்டாவது பிரசவத்தோடு கோமதிக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தார்கள். தையல் சீழ் பிடித்து, இருபது நாள் கிடந்து, பிழைப்பாளா மாட்டாளா என்று ஆகிவிட்டது. அந்த இருபது நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு சிவசைலம் ஒன்றையேதான் நினைத்தார். இதை ஏன் நான் செய்துகொள்ளவில்லை? யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த வெட்கம் அவரை விட்டுப் போகவே இல்லை.

ஆகவே, ஆண்கள் சாப்பிட ஒரு மாத்திரை. பிள்ளை வேண்டாம் என்றால் சாப்பிடலாம். வேண்டும் என்றால் நிறுத்திவிடலாம். நிறுத்தினால் பிள்ளை பிறக்க வேண்டும், அதுதான் விஷயமே. அதைக் காட்டாமல் கொடுத்தால் எந்த ஆண்பிள்ளை வாயில் போடுவான்?

இந்த யோசனையைக் கேட்டு ஆராய்ச்சிக் கூடத்து ஆண்கள் அடித்த கூத்து கொஞ்சமில்லை. கேன்டீனில் சிவசைலம் எடுத்து நீட்டுகிற டீயை வாங்க மாட்டேன் என்றார்கள்.

சிரிக்காதவர் சுபைதா மேடம் ஒருவர்தான். கால்நடை மருத்துவம் படித்தவர். கருத்தரிப்பு ஆராய்ச்சியில் பெரிய பெயர். வயதில் சிவசைலத்தைவிட ஐந்து வருஷம் சின்னவர். அதையெல்லாம் பார்க்காமல் சிவசைலம் அவரிடம் போய், எலியில் கட்டியை அளப்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது, கற்றுக்கொடுங்கள் என்று நின்றார். மேடம் ஒரு நாற்காலியைக் காட்டினார். அன்றிலிருந்து சிஷ்யர்.

மேடம் அதிகம் பேச மாட்டார். ஒரு கேள்வி கேட்டால் அரை பதில் வரும்.

இரண்டு பேருமாகச் சேர்ந்து சோதனையை அமைத்தார்கள். ஆறு ஆண் சுண்டெலிகளுக்கு மருந்தைக் கொடுத்து, நிறுத்தி, இரண்டு மாதம் விட்டு, ஆளுக்கொரு பெண் சுண்டெலியோடு சேர்த்தார்கள். அவை இடப்பக்கத்து ஆறு கூண்டுகள். மருந்தையே பார்க்காத ஆறு ஜோடிகளை வலப்பக்கம் வைத்தார்கள், ஒப்பிட்டுப் பார்க்க. பெண் சினைப்பட்டதும் ஆணை எடுத்துவிட வேண்டும். பிறகு மூன்று வாரத்தில் குட்டி.

இவ்வளவையும் அமைத்துவிட்டு மேடம் ஹஜ்ஜுக்குப் போய்விட்டார். நாற்பது நாள் கழித்து இன்றைக்குத்தான் வேலைக்கு வந்திருக்கிறார். வந்ததும் வராததுமாக இந்தக் கடிதம்.

என்ன நடந்தது என்று மேடம் கேட்டார்.

சிவசைலம் சொன்னார். இடப்பக்கம் ஆறு பெண்களுக்கும் வயிறு வைத்தது. அன்றைக்கு அவர் கோமதிக்குப் போன் போட்டு, போனிலேயே அழுதாராம். அப்புறம் ஒவ்வொன்றாக வயிறு வற்றியது. காலையில் போய்ப் பார்த்தால் வயிறு இல்லை, குட்டியும் இல்லை. ஒன்று, இரண்டு, இன்றோடு ஐந்து. ஆறாவது மட்டும் இன்னும் வயிற்றோடு இருக்கிறது. வலப்பக்கமோ ஆறு கூண்டிலும் குட்டிகள் குவிந்து கிடக்கின்றன.

அவருக்குக் காரணமும் தெரிந்துவிட்டதாம். உயிரணு திரும்பி வந்திருக்கிறது. ஆனால் மருந்தின் கறை அதில் தங்கிவிட்டது. அதனால்தான் கரு வயிற்றுக்குள்ளேயே கரைந்து போகிறது. புற்றுநோய் மருந்துகள் அப்படிச் செய்யக்கூடியவைதானே. பத்தொன்பது வருஷம் கொல்வதற்கென்றே மருந்து செய்த கை, வேறு எதைச் செய்யும்?

"ஒரு பொண்ணு வயித்தைத் தடவிக்கிட்டுக் காத்திருப்பா மேடம். அவ புருஷன் எப்பவோ தின்ன என் மாத்திரையால அது கரைஞ்சு போகும். ஏன்னு அவளுக்குத் தெரியவே தெரியாது."

ஒரு வாரமாக அவருக்குப் பிடி சோறு இறங்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

என்ன அவசரம் என்றார் மேடம்.

பத்து மணிக்கு ஆறாவது கூண்டைப் பார்க்க வேண்டும் என்றார் சிவசைலம்.

மேடம் அவருடைய நோட்டை வாங்கிப் பார்த்தார். காலை ஆறிலிருந்து இரவு எட்டு வரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. மூடியைத் திறந்து, காகிதத் துணுக்குகளால் தாய் கட்டியிருக்கிற கூட்டை இடுக்கியால் விலக்கி, உமியைக் கிளறி, தாயைத் தூக்கி வயிற்றைத் தடவிப் பார்த்து எழுதியது. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. ஒரு வேளைகூட விட்டுப்போகவில்லை. எலிகளைக் கவனிக்கிற மாசிலாமணி, சும்மா விடுங்க சார் என்று ஒரு தடவை சொன்னாராம். கட்டியைத் தினமும் அளந்து பழகியவருக்குச் சும்மா விடுவது எப்படி என்று தெரியாது. புற்றுநோய்ப் பிரிவில் இந்த மாதிரி நோட்டுக்குத்தான் எல்லாரும் கைதட்டினார்கள்.

மேடம் ஏடுகளைப் புரட்டினார். இன்னும் புரட்டினார்.

"வலப்பக்கத்துக் கூண்டுகளை எத்தனை தடவை திறந்தீங்க?"

"அதையா? அதை நான் எதுக்கு மேடம் திறக்கணும்? அதைப் பத்தி எனக்குப் பயமே இல்லையே."

மேடம் நோட்டை மூடினார்.

பிறகு எழுந்து நடந்தார். சிவசைலம் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார். எதையோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. எது என்று தெரியவில்லை.

எலிகள் இருக்கிற அறையில் மாசிலாமணி வலப்பக்கத்துக் கூண்டுகளுக்கு, மூடியைத் திறக்காமல் மேல்கம்பி வழியாகவே தீனி போட்டுக்கொண்டிருந்தார். மேடத்தைக் கண்டதும் ஒதுங்கி நின்றார்.

மேடம் இடப்பக்கத்து ஐந்தாவது கூண்டைத் திறந்தார். முந்தின ராத்திரி வயிறு வற்றிப்போன தாய். அதை எடுத்து உள்ளங்கையில் மல்லாத்தினார். வயிற்றில் மெல்ல ஊதினார். ரோமம் விலகியது. சிவந்து தடித்த ஒரு காம்பைச் சுண்டுவிரல் நுனியால் லேசாக அழுத்தினார்.

வெள்ளையாக ஒரு பொட்டு வந்தது.

சிவசைலம் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"பாலா மேடம்?"

"பால்தான்."

"கரு கரைஞ்சு போயிருந்தா..."

"பால் வராது."

அப்படியென்றால் மருந்தில் கறை இல்லை. அப்படியென்றால் பிறந்திருக்கிறது. நல்ல குட்டிகள், மாதம் நிறைந்த குட்டிகள். கூண்டு கூண்டாகத் திரும்பிப் பார்த்தார். ஐந்தும் வெறுமையாக இருந்தன.

"அப்ப குட்டிங்க எங்க மேடம்?"

மேடம் தாயைக் கூண்டில் இறக்கி விட்டார். அது ஓடிப்போய் மூலையில் ஒண்டிக்கொண்டது.

"ராத்திரி பெத்திருக்கு. தினம் எட்டுத் தடவை கூட்டைக் கலைச்சா, இந்த இடம் குட்டிக்கு ஆகாதுன்னு நினைச்சுக்கும். பெத்த உடனே தின்னுடும்."

சிவசைலம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஐந்து கூண்டு. கூண்டுக்கு எட்டு என்றால்கூட நாற்பது. மருந்து ஜெயித்துவிட்டது என்று சந்தோஷப்படுவதா, அந்த நாற்பதுக்காக அழுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்தே வந்தது. மேடம் அவர் கையிலிருந்த கடிதத்தை உருவி நாலாகக் கிழித்தார். அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

ஆறாவது கூண்டில் சரசரவென்று சத்தம் கேட்டது. வயிற்றுக்காரி காகிதத் துணுக்குகளைக் கவ்விக் கவ்விக் கொண்டுபோய், எட்டு மணிக்கு அவர் கலைத்த கூட்டை மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள்.

சிவசைலம் எழுந்தார். கை தானாக அந்த மூடிக்குப் போனது. பாதியில் நின்றது. மாசிலாமணி தீனி டப்பாவை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போய்விட்டார்.

"இது மட்டுமாவது பிழைக்குமா மேடம்?"

மேடம் அறைக்கு வெளியே நின்று, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வெளிய வாங்க," என்றார்.